மூளைக்காய்ச்சலை மறித்த டாக்டரம்மா: ஹாட்டி அலெக்சாண்டர்



உங்கள் வீட்டில் கைக்குழந்தையோ பள்ளிக்குப் போகும் பிள்ளையோ இருந்தால், பீரோவில் பத்திரமாக வைத்திருக்கும் தடுப்பூசி அட்டையை ஒரு நிமிடம் எடுத்துப் பாருங்கள். 6, 10, 14 ஆவது வாரங்களுக்கு நேரே பென்டாவேலன்ட் என்று எழுதியிருக்கும். ஒரே ஊசியில் ஐந்து நோய்களுக்கான மருந்து. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி மூன்றும் நம் பாட்டிகளுக்கே தெரிந்த பெயர்கள். நான்காவது ஹெபடைடிஸ் பி, அதையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஐந்தாவதாக ஹிப் என்று இரண்டெழுத்தில் ஒன்று இருக்கிறதே, அது என்ன நோய் என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் விழிப்போம். அதைத் தெரிந்துகொள்ளாமலே பிள்ளை வளர்க்க முடிகிறது என்பது நம் தலைமுறைக்குக் கிடைத்த பெரிய வசதி. 90 வருடங்களுக்கு முன்னால் குழந்தைக்கு அந்த நோய் என்று தெரிந்துவிட்டால் டாக்டர்களால் பெற்றோருக்குச் சொல்ல நல்ல வார்த்தை எதுவும் இருக்கவில்லை. அந்த நிலையை மாற்றியதில் முதல் இடம் ஒரு அமெரிக்கக் குழந்தை மருத்துவருக்கு உரியது. அவர் பெயர் ஹாட்டி எலிசபெத் அலெக்சாண்டர். மருத்துவ உலகில் பெரிய பெயர், ஆனால் வெளியே அவ்வளவாகத் தெரியாது. இந்த இதழில் அவர் கதையைச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கிருமியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஹிப் என்பது ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சா டைப் பி என்ற நீண்ட பெயரின் சுருக்கம். பெயரில் இன்ஃப்ளூயன்சா இருப்பதால் ஃப்ளூ காய்ச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். 1892 இல் ஜெர்மனியில் ரிச்சர்ட் ஃபைஃபர் என்ற விஞ்ஞானி, அப்போது உலகமெங்கும் பரவிய ஃப்ளூ நோயாளிகளின் சளியில் இந்தக் கிருமியைப் பார்த்து, இதுதான் ஃப்ளூவுக்குக் காரணம் என்று முடிவு கட்டினார். அது தவறு. ஃப்ளூவுக்குக் காரணம் ஒரு வைரஸ் என்று 1933 இல் தெரிந்தது. ஆனால் வைத்த பெயர் வைத்ததுதான், இன்றுவரை மாறவில்லை.

இந்தப் பாக்டீரியா மூக்கிலும் தொண்டையிலும் சும்மா குடியிருக்கக்கூடியது. பல குழந்தைகளிடம் அப்படியே வந்து அப்படியே போய்விடும். சில குழந்தைகளிடம் மட்டும் அது எல்லை தாண்டி இரத்தத்துக்குள் நுழைகிறது. இரத்தம், மூளையைச் சுற்றியிருக்கும் நீர், மூட்டுகளின் உள்பகுதி இதெல்லாம் எந்தக் கிருமியும் இருக்கக் கூடாத இடங்கள். அங்கே பாக்டீரியா புகுந்துவிடுவதைத்தான் ஊடுருவும் தொற்று என்கிறார்கள். காதில் சீழ் பிடிப்பது போலவோ தொண்டைக் கரகரப்பு போலவோ இதை எடுத்துக்கொள்ள முடியாது. மூளை உறைக்குப் போனால் மூளைக்காய்ச்சல். தொண்டைக்குள் மூச்சுக்குழாயை மூடும் மடல் வீங்கினால் சில மணி நேரத்தில் மூச்சே அடைத்துவிடும். நிமோனியாவாகவும், மூட்டில் சீழாகவும் வரும்.

இதற்குத் துணை செய்வது அந்தக் கிருமியின் மேலுறை. சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன வழுவழுப்பான உறை அது. நம் இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் அதைப் பிடிக்கப் போனால் வழுக்கிக்கொண்டு போய்விடும். அந்த உறைக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் இரத்தத்தில் இருந்தால்தான் பிடி கிடைக்கும். பிறந்த முதல் சில மாதங்கள் அம்மாவிடமிருந்து வந்தது காப்பாற்றும். பிறகு அது தீர்ந்துபோகும். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையின் உடம்புக்கோ இந்தச் சர்க்கரை உறையை எதிரி என்று அடையாளம் கண்டு எதிர்ப்புப் பொருள் செய்யத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் ஹிப் அடிக்கும்.

இப்போது ஹாட்டியிடம் வருவோம். 1901 ஏப்ரல் 5 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பிறந்தார். அப்பா வியாபாரி. எட்டுப் பிள்ளைகளில் இவர் இரண்டாவது. உதவித்தொகை கிடைத்ததால் அதே ஊரில் இருந்த கௌச்சர் பெண்கள் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது படிப்பு அல்ல, விளையாட்டு. படிப்பில் அவர் சராசரி மாணவிதான். பிளஸ் டூ மார்க் வந்த வாரம் நம் லிஃப்டுக்குள் நடக்கும் விசாரணைகளை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

1923 இல் பட்டம் வாங்கிய பிறகு மூன்று வருடம் அரசுப் பொதுச் சுகாதார ஆய்வுக்கூடங்களில் வேலை பார்த்தார். முதலில் வாஷிங்டனில், பிறகு சொந்த மாநிலமான மேரிலாண்டில். மருத்துவம் படிக்கப் பணம் சேர்க்க வேண்டியிருந்தது. ஆனால் அந்த மூன்று வருடம் வீணாகவில்லை. கிருமிகளைத் தட்டில் வளர்ப்பது, சாயம் ஏற்றிப் பார்ப்பது, அளப்பது, மறுபடி அளப்பது என்று கை பழகிவிட்டது. பிற்காலத்தில் அவரை மற்ற டாக்டர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது இந்தக் கைப்பழக்கம்தான் என்பது என் எண்ணம். நோயாளியைப் பார்க்கும் டாக்டர்கள் நிறைய இருந்தார்கள். கிருமியைப் பார்க்கும் ஆய்வாளர்களும் இருந்தார்கள். இரண்டையும் ஒரே ஆள் ஒரே நாளில் செய்வது அபூர்வம்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1930 இல் டாக்டர் பட்டம் பெற்றார். கல்லூரியில் சராசரி மாணவியாக இருந்தவர் இங்கே சிறப்பாகவே தேறினார். அங்கேயே ஹேரியட் லேன் குழந்தைகள் மருத்துவமனையில் ஒரு வருடம் பயிற்சி டாக்டராக இருந்தார். ஹிப் மூளைக்காய்ச்சலை அவர் நேருக்கு நேர் சந்தித்தது அந்த வார்டில்தான்.

அந்தக் காலத்தில் அது எப்படி இருந்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. எட்டு மாதக் குழந்தை. நேற்று வரை தவழ்ந்துகொண்டிருந்தது. சளி, காய்ச்சல் என்று ஆரம்பிக்கிறது. பால் குடிக்க மறுக்கிறது, வாந்தி எடுக்கிறது. தூக்கினால் வீறிட்டு அழுகிறது, கீழே விட்டால் கண் சொருகிக் கிடக்கிறது. உச்சிக்குழி மேலே புடைத்து நிற்கிறது. பிறகு வலிப்பு. டாக்டருக்கு நோய் என்னவென்று தெரியும், மருந்துதான் கிடையாது. பிழைத்த குழந்தைகள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவு. அப்படிப் பிழைத்தவர்களிலும் பலருக்குக் காது போயிருக்கும், அல்லது மூளை பாதித்திருக்கும்.

மருந்தே இல்லை என்று சொன்னேன். முயற்சி இல்லாமல் இல்லை. கொன்ற கிருமிகளையோ கிருமியின் நச்சையோ குதிரைக்கு ஊசியாகப் போட்டு, அதன் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைச் சீரமாகப் பிரித்தெடுத்து நோயாளிக்குக் கொடுக்கும் முறை அப்போது நடைமுறையில் இருந்தது. தொண்டை அடைப்பானுக்கு அது அருமையாக வேலை செய்தது. ஹிப்புக்கும் குதிரைச் சீரம் செய்து பார்த்தார்கள். பலன் ஏமாற்றம்தான்.

1931 இல் ஹாட்டி நியூயார்க் போனார். கொலம்பியா பிரெஸ்பிட்டீரியன் மருத்துவ மையத்தைச் சேர்ந்த பேபீஸ் ஹாஸ்பிட்டலில் இரண்டாவது பயிற்சி. அங்கே போனவர் பணிக்காலம் முழுவதும் வேறெங்கும் போகவில்லை. அந்த வளாகத்தைப் பற்றி ஒரு சின்னத் தகவல்: உங்கள் குழந்தை பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டில் அப்கார் ஸ்கோர் என்று ஒரு எண் இருந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். அதை வகுத்த டாக்டர் வர்ஜீனியா அப்கார் அதே மருத்துவ மையத்தில்தான் வேலை செய்தார். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயை முதலில் தெளிவாக விவரித்த டோரத்தி ஆண்டர்சனும் பேபீஸ் ஹாஸ்பிட்டல்காரர். பெண்களுக்கு அறுவை சிகிச்சையிலும் பெரிய பதவிகளிலும் இடம் கிடைக்காத காலம். குழந்தை மருத்துவம் ஓரளவு கதவு திறந்து வைத்திருந்தது. அந்தக் கதவு வழியாக நுழைந்தவர்கள் செய்த வேலை இது.

அதே நகரில் ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கே நிமோகாக்கஸ் என்ற கிருமியால் வரும் நிமோனியாவுக்குக் குதிரைக்குப் பதிலாக முயலிலிருந்து சீரம் எடுத்து நல்ல பலன் கண்டிருந்தார்கள். குதிரை உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளின் மூலக்கூறு மிகப் பெரியது. முயலுடையது அதைவிடச் சிறியது, திசுக்களுக்குள் சுலபமாக ஊடுருவும். நிமோகாக்கஸுக்கும் ஹிப்புக்கும் ஒரு ஒற்றுமை உண்டு, இரண்டுமே சர்க்கரை உறை போர்த்தியவை. அங்கே பலித்தது இங்கே ஏன் பலிக்கக் கூடாது என்பதுதான் ஹாட்டியின் கேள்வி. யோசனை எளிமையானதுதான். அதைச் செய்து காட்டுவதற்கு வருடங்கள் பிடித்தன.

அவருக்குக் கிடைத்த துணை மைக்கேல் ஹைடல்பெர்கர். அதே மருத்துவ மையத்தில் இருந்த வேதியியலாளர். எதிர்ப்புப் பொருள் என்றால் ஏதோ மாயச் சக்தி போல எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலத்தில், அதுவும் ஒரு பொருள்தான், புரதம்தான், அதை மில்லிகிராம் கணக்கில் எடை போடலாம் என்று நிரூபித்தவர் அவர். இருவரும் சேர்ந்து ஹிப்புக்கு எதிரான முயல் சீரத்தைத் தயாரித்தார்கள். அதில் எவ்வளவு எதிர்ப்புப் பொருள் இருக்கிறது என்பதைத் துல்லியமாகச் சொல்ல முடிந்தது. அதற்கு முன் சீரம் கொடுத்தவர்கள் பாட்டில் கணக்கில் கொடுத்தார்கள். ஒரு பாட்டிலுக்கும் இன்னொன்றுக்கும் வீரியம் எவ்வளவு வித்தியாசப்படும் என்பதைச் சரியாகச் சொல்ல வழியில்லை.

அடுத்த பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கக் கேட்டுக்கொள்கிறேன். ஹாட்டியின் சாமர்த்தியம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

மூளைக்காய்ச்சல் என்று சந்தேகம் வந்தால் குழந்தையின் முதுகின் கீழ்ப்பகுதியில் ஊசி செலுத்திச் சில துளி நீர் எடுப்பார்கள். மூளையைச் சுற்றியிருக்கும் அதே நீர்தான் முதுகுத் தண்டைச் சுற்றியும் இருக்கிறது. ஆரோக்கியமான குழந்தையிடம் அது குழாய்த் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். தொற்று வந்தால் கலங்கிவிடும். ஆனால் எந்தக் கிருமி என்று தெரிய வேண்டுமே? தட்டில் வளர்த்துப் பார்த்தால் ஒரு நாளாவது ஆகும். இந்த நோயில் ஒரு நாள் என்பது மிக நீண்ட காலம்.

ஹாட்டி அந்தக் கலங்கிய நீரில் ஒரு துளி எடுத்து, அதனுடன் தன் முயல் சீரத்தில் ஒரு துளி சேர்த்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். கிருமி ஹிப்பாக இருந்தால் சீரம் போய் அதன் உறையில் ஒட்டிக்கொள்ளும். உறை உப்பிக் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். குழந்தை வார்டுக்கு வந்த சிறிது நேரத்துக்குள் விடை கையில் இருக்கும். உறை வீங்கும் இந்தச் சோதனை அவர் கண்டுபிடித்ததல்ல, நிமோனியாவுக்கு ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார்கள். அதைக் குழந்தையின் முதுகுத் தண்டு நீருக்குக் கொண்டுவந்து தினசரிப் பழக்கமாக்கியவர் இவர்.

அதே நீரிலிருந்து இன்னொரு தகவலையும் எடுத்தார். அந்த நீரில் சாதாரணமாகக் கொஞ்சம் சர்க்கரை இருக்கும். தொற்று கடுமையாக இருந்தால் சர்க்கரை குறையும். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்து, நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று கணக்கிட்டு, அதற்கேற்ப இத்தனை மில்லிகிராம் எதிர்ப்புப் பொருள் என்று நிர்ணயித்தார். கொடுத்த பிறகும் விடவில்லை. குழந்தையின் இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் போதுமான அளவு மிச்சமிருக்கிறதா என்று பார்த்தார், போதாவிட்டால் மேலும் கொடுத்தார். குத்துமதிப்பு என்பதற்கு அந்த வார்டில் இடமில்லாமல் போனது.

1939 இல், ஹிப் மூளைக்காய்ச்சல் வந்த குழந்தைகள் முயல் சீரத்தால் முழுமையாகக் குணமானதை அவர் அறிவித்தார். சல்ஃபா மாத்திரைகள் அப்போதுதான் வந்திருந்தன. சீரத்தோடு அவற்றையும் சேர்த்துக் கொடுத்தபோது பலன் இன்னும் கூடியது. அடுத்த சில வருடங்களில் சாவு வீதம் ஏறக்குறைய 80 சதவீதம் குறைந்ததாகப் பதிவு. அவருடைய முறையை மற்ற மருத்துவமனைகளும் எடுத்துக்கொண்டன. 1942 இல் குழந்தை மருத்துவ ஆராய்ச்சிக்கான மீட் ஜான்சன் விருது அவருக்குக் கிடைத்தது.

இன்னொருவர் பெயரையும் இங்கே சொல்லியாக வேண்டும். கிரேஸ் லெய்டி. ஹாட்டியின் ஆய்வுக்கூடத்தில் பல வருடங்கள் உடனிருந்து உழைத்த பெண். அவருடைய முக்கியக் கட்டுரைகள் பலவற்றில் லெய்டியின் பெயரும் இருக்கும். விருதுகள் வரும்போது இப்படிப்பட்டவர்கள் மேடையில் இருப்பதில்லை.

அடுத்து ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. காசநோய் மருந்தாக நமக்குப் பழக்கமானது. 1940களின் நடுவில் ஹாட்டி அதை ஹிப்புக்குப் பயன்படுத்திப் பார்த்தார். பென்சிலின் அவ்வளவாகப் பிடிக்காத கிருமியை இது கொன்றது. எல்லோரும் மகிழ்ந்திருக்க வேண்டிய நேரம். ஆனால் சில குழந்தைகளுக்கு முதலில் தேறி, பிறகு மருந்து வேலை செய்யாமல் போவதை அவர் கவனித்தார். கிருமிகளை எடுத்து எண்ணிப் பார்த்தார். கோடிக்கணக்கான கிருமிகளுக்கு நடுவே மிகச் சில, மருந்தைப் பார்ப்பதற்கு முன்பே, மரபணு மாற்றத்தால் மருந்துக்கு அசையாதவையாக இருந்தன. மருந்து மற்ற எல்லாவற்றையும் கொன்றுவிட, இந்தச் சிலவற்றுக்கு மைதானம் காலியாகக் கிடைத்தது. அவை பெருகிவிட்டன. மருந்துக்கு அடங்காத கிருமி என்று இன்று செய்தித்தாளில் அடிக்கடி படிக்கிறோமே, அதன் உள்விவரத்தை மிக ஆரம்பத்திலேயே புரிந்துகொண்டவர்களில் இவர் ஒருவர். போன தடவை மிச்சமான ஆன்டிபயாடிக் சிரப் ஃபிரிட்ஜில் இருக்கிறது, இரண்டு வேளை கொடுத்துப் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கலாம். அரைகுறையாகக் கொடுத்த மருந்து கிருமியை ஒழிக்காமல், முதுகுத் தண்டு நீரில் அது தெரியாதபடி மறைத்து, டாக்டரையும் குழப்பிவிடும்.

கிருமிக்கு மரபணு மாறுகிறது என்று தெரிந்ததும் அவர் கவனம் அந்தப் பக்கம் திரும்பியது. 1944 இல் ஆஸ்வால்ட் ஏவரியும் அவருடைய இரண்டு சகாக்களும் நிமோகாக்கஸில் செய்த சோதனையில், பரம்பரைக் குணத்தைச் சுமந்து செல்வது டிஎன்ஏதான் என்று காட்டியிருந்தார்கள். பல விஞ்ஞானிகள் நம்பவில்லை. ஹாட்டியும் லெய்டியும் ஹிப்பில் அதையே செய்து, ஒரு வகைக் கிருமியின் டிஎன்ஏவைக் கொண்டு இன்னொன்றின் உறைக் குணத்தை மாற்றிக் காட்டி 1951 இல் வெளியிட்டார்கள். வார்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே செய்த வேலை இது. அந்த ஆய்வுக்கூடத்திலிருந்து போன ஒரு கிருமி வகையின் வழித்தோன்றலைத்தான் 1995 இல் விஞ்ஞானிகள் எடுத்து, அதன் மரபணுத் தொகுப்பை முழுவதும் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். தனித்து வாழும் ஓர் உயிரின் முழு மரபணுத் தொகுப்பும் படிக்கப்பட்டது அதுவே முதல் முறை. சுமார் 18 லட்சம் எழுத்துகள்.

ஆள் எப்படி என்று கேட்பீர்கள். மேடையில் நின்று விரிவுரை ஆற்றுவது அவருக்குப் பிடிக்காது. குழந்தையின் படுக்கை அருகே நின்று சொல்லிக்கொடுப்பதுதான் வழக்கம். மாணவர் ஒரு கருத்தைச் சொன்னால் அதற்கு என்ன ஆதாரம் என்று விடாமல் கேட்பார். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே அவருக்கு வேறு உலகம் இருந்தது. லாங் ஐலண்டில் போர்ட் வாஷிங்டன் என்ற கடலோர ஊரில், டாக்டர் எலிசபெத் அஃபர்டுடன் ஒரே வீட்டில் வசித்தார். சங்கீதம் பிடிக்கும், பயணம் பிடிக்கும், அபூர்வமான செடிகளை வளர்ப்பார், மோட்டார் படகை வேகமாக ஓட்டுவார். நம் மாடித்தோட்டக் குழுவினர் பார்த்தால் உடனே தங்கள் பக்கம் இழுத்திருப்பார்கள்.

1931 இல் வந்தவருக்கு முழுப் பேராசிரியர் பதவி 1958 இல்தான் கிடைத்தது. 1942 இலேயே விருது வாங்கியவருக்கு மேலும் 16 வருடக் காத்திருப்பு ஏன் என்று எனக்குப் புரியவில்லை, அல்லது நன்றாகவே புரிகிறது. 1964 இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கத்தின் தலைவரானார். 1888 இல் தொடங்கிய அந்தச் சங்கத்துக்கு முதல் பெண் தலைவர் அவர்தான். 1966 இல் ஓய்வு. 1968 ஜூன் 24 அன்று புற்றுநோயால் நியூயார்க்கில் காலமானார். வயது 67.

அவர் போகும்போது நோய்க்கு மருந்து இருந்தது, ஆனால் நோய் வருவது நிற்கவில்லை. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 20,000 சின்னக் குழந்தைகளுக்குக் கடுமையான ஹிப் தொற்று வந்துகொண்டிருந்தது. நல்ல ஆன்டிபயாடிக்குகள் இருந்தும் வருடத்துக்கு ஆயிரம் பேர் வரை இறந்தார்கள். மூளைக்காய்ச்சலிலிருந்து தப்பித்தவர்களிலும் நூற்றுக்கு 15 முதல் 30 பேருக்குக் காது கேளாமையோ வேறு நரம்புக் குறையோ தங்கியது. சிகிச்சை எவ்வளவு தேறினாலும் வந்த பிறகு துரத்துவது வேறு, வராமல் தடுப்பது வேறு என்பதற்கு இந்த எண்கள் போதும்.

1985 இல் வந்த முதல் தடுப்பூசியில் உறையின் சர்க்கரை மட்டும் இருந்தது. அது பெரிய குழந்தைகளுக்குப் பயன்பட்டது. அதிகம் சாகிற கைக்குழந்தைகளுக்குப் பயன்படவில்லை. காரணம் மேலே சொன்னேன், அவர்கள் உடம்புக்குச் சர்க்கரையை அடையாளம் தெரியாது. அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு ஒட்டிக் கொடுத்தால் கைக்குழந்தையின் உடம்பும் கவனித்துவிடும் என்று கண்டுபிடித்தவர்கள் ஜான் ராபின்ஸும் ரேச்சல் ஷ்னீர்சனும் ஒரு பக்கம், டேவிட் ஸ்மித்தும் போர்ட்டர் ஆண்டர்சனும் இன்னொரு பக்கம். நால்வருக்கும் 1996 இல் லாஸ்கர் விருது கிடைத்தது. அமெரிக்காவில் 1990 முதல் கைக்குழந்தைகளுக்கு இந்த ஒட்டுத் தடுப்பூசி போட ஆரம்பித்ததும் நோய் நூற்றுக்கு 99 பங்கு மறைந்தது. பால்டிமோர் வார்டில் ஹாட்டி பார்த்த காட்சியை அங்கே இன்றைய இளம் டாக்டர்களில் பலர் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

இந்தியாவில் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இது சேர்ந்தது 2011 டிசம்பரில். முதலில் தொடங்கிய இரண்டு மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளமும். அதற்கு முன் பிறந்த பிள்ளைகளில், தனியாரிடம் காசு கொடுத்துப் போட்டவர்களுக்கு மட்டுமே இந்தப் பாதுகாப்பு இருந்தது. தனியார் மருத்துவர்கள் ஒன்றரை வயதை ஒட்டி ஒரு கூடுதல் டோஸும் போடச் சொல்வார்கள். விடுபட்டிருந்தால் உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நிமோகாக்கஸுக்கான தடுப்பூசியும் 2021 முதல் நாடு முழுக்க இலவசமாகக் கிடைக்கிறது.

இவ்வளவும் போட்டாச்சே, இனிக் கவலையில்லையே என்றால், முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் கிருமிகள் வேறும் இருக்கின்றன. தடுப்பூசி எல்லா வகையையும் அடக்குவதில்லை. அதனால் நம் குடியிருப்பில் உள்ள இளம் பெற்றோர்களும், பகலில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகளும் சில விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். காய்ச்சலோடு குழந்தை பால் குடிக்க மறுத்து, எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் துவண்டு கிடந்தால், உச்சிக்குழி புடைத்திருந்தால், தூக்கும்போது வழக்கமில்லாத கீச்சுக் குரலில் அழுதால், வலிப்பு வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மூச்சு விடத் திணறினாலும், அழுத்தினால் மறையாத சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள் தோலில் தெரிந்தாலும் அதேதான். பெரிய குழந்தை கழுத்தைக் குனிய முடியவில்லை, வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது, தலை பிளக்கிறது என்று சொல்லும். கைக்குழந்தைக்குக் கழுத்து விறைப்பு இல்லாமலும் மூளைக்காய்ச்சல் இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். 108க்கு அழையுங்கள், செக்யூரிட்டியிடம் சொல்லி கேட்டைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். நள்ளிரவானாலும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள், கார் வைத்திருப்பவர்கள் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

மருத்துவமனையில் முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்வார். நம் குடும்பங்களில் அங்கேதான் தகராறு தொடங்கும். கால் விளங்காமல் போய்விடும் என்று ஊரில் யாரோ சொன்னதை நினைத்துப் பெரியவர்கள் கையெழுத்துப் போட விடமாட்டார்கள். ஊசி போடுவது முதுகுத் தண்டு முடிந்துவிட்ட இடத்துக்கும் கீழே. அங்கே தண்டு கிடையாது, நரம்பிழைகள் நீரில் மிதந்துகொண்டிருக்கும், ஊசி பட்டால் விலகிக்கொள்ளும். எந்தக் கிருமி, எந்த மருந்து, எத்தனை நாள் என்ற மூன்று கேள்விக்கும் விடை அந்தச் சில துளிகளில் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் டாக்டரிடமே கேட்டுத் தெளிவு பெறுங்கள், ஆனால் சீக்கிரம் கேளுங்கள். சில சமயம் குழந்தையின் நிலை மோசமாக இருந்தால் டாக்டரே நீர் எடுப்பதைத் தள்ளிவைத்து முதலில் மருந்தைத் தொடங்குவார், அதுவும் சரியான முடிவுதான்.

குணமாகி வீட்டுக்கு வந்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று முறையான பரிசோதனை, டிஸ்சார்ஜ் ஆகும் முன்போ அடுத்த சில வாரங்களுக்குள்ளோ. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறது, போதும் என்று விட்டுவிட வேண்டாம். கேள்விக் குறைவு இருந்தால் காக்ளியர் இம்ப்ளான்ட் போன்ற உதவிகளுக்கு ஆரம்ப மாதங்கள் முக்கியம். பரிசோதனைக்கு டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதித் தரச் சொல்லி நீங்களே கேட்டு வாங்குங்கள்.